பன்னிரண்டரை மணிக்காரர்

நியூஜெர்சிப் பேருந்துகள் மன்ஹாட்டனில் வந்து நிற்கும் இடம் போர்ட் அத்தாரிட்டி நிலையம். தாழ்ந்த கூரை, டீசல் வாடை, எந்நேரமும் எங்கோ விரையும் கூட்டம். அந்த நிலையத்தை அழகானது என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அத்தானுக்கு மட்டும் அது விசேஷமான இடம். 2015 மே 20, புதன்கிழமை மதியம் பேருந்தைவிட்டு இறங்கியதும் நடக்க மனமில்லாமல் அங்கேயே நின்றுவிட்டார்.

“இங்கதான் மாப்ளே, அந்தச் சோடாபுட்டிக் கண்ணாடிக் கெழவர் வர்றவங்களுக்கெல்லாம் சூடா ஈரத்துண்டு நீட்டுவாரு. ஊருக்குப் புதுசா வந்தவங்களுக்கு வரவேற்பாம்!”

கிழவரின் பெயர் கால்வர்ட் டிஃபாரஸ்ட். தொலைக்காட்சியில் லாரி ‘பட்’ மெல்மன். நடிப்பு வராது, வசனம் நினைவில் நிற்காது, கேமராவைப் பார்த்துத் திருதிருவென விழிப்பார். அப்படி ஒருவரை 1982-இல் கூட்டிவந்து அமெரிக்க வீடுகளின் கூடத்தில் நிறுத்தியவர், பின்னிரவுத் தொலைக்காட்சி நிகழ்ச்சி நடத்திய டேவிட் லெட்டர்மேன். அந்த லெட்டர்மேனின் கடைசி நிகழ்ச்சி அன்றைக்கு. 33 ஆண்டுகள், 6,028 நிகழ்ச்சிகள். எங்களிடம் நுழைவுச்சீட்டு இல்லை. வாசலில் நின்றால் போதும் என்று அலுவலகத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டு வந்திருந்தார் அத்தான். அக்கா வரமாட்டேன் என்றுவிட்டாள். சிடுமூஞ்சிக்கு ஒரு வழியனுப்பு விழாவா என்பது அவள் கேள்வி.

அத்தானுக்குச் சொந்த ஊர் தென்காசிப் பக்கம். 1980களின் கடைசியில் இண்டியானா மாநிலத்துப் பர்டூ பல்கலைக்கழகத்துக்குப் படிக்க வந்தவர். சுற்றிலும் மக்காச்சோள வயல், குளிர்காலத்தில் முழங்கால் அளவு பனி. ஆய்வகத்திலிருந்து அறைக்குத் திரும்ப நள்ளிரவாகும். ஊருக்குத் தொலைபேசியில் பேசினால் மாதச் செலவில் துண்டு விழும். அறைத்தோழர்கள் உறங்கியிருப்பார்கள். முன்பு குடியிருந்தவர் விட்டுப்போன சின்னத் தொலைக்காட்சிப் பெட்டி ஒன்று மூலையில் கிடந்தது. என்பிசியில் ஜானி கார்சன் விடைபெற்றதும் பன்னிரண்டரை மணிக்கு முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே சந்து விட்ட ஒரு நெட்டை ஆசாமி வருவார்.

“பாதி ஜோக் புரியாது. ஆனா அந்தாளும் என்னை மாதிரியே அந்த எடத்துல ஒட்டாம உக்காந்திருப்பாரு. அது நல்லாப் புரிஞ்சுது” என்பார் அத்தான். ‘பன்னிரண்டரை மணிக்காரர்’ என்பது அவர் வைத்த பெயர். 1993-இல் லெட்டர்மேன் சிபிஎஸ்ஸுக்கு மாறி 11.35-க்கு வரத் தொடங்கிய பிறகும் அக்கா வீட்டில் அதே பெயர்தான்.

அமெரிக்கப் பின்னிரவு நிகழ்ச்சிக்கென்று ஒரு சட்டகம் உண்டு. கோட்டு சூட்டு போட்ட ஒருவர் திரையை விலக்கிக்கொண்டு வந்து அன்றைய செய்திகளை வைத்துச் சில நிமிடம் கிண்டலடிப்பார். பிறகு மேசைக்குப் பின்னால் உட்காருவார். பக்கத்தில் வாத்தியக் குழு. இரண்டு மூன்று விருந்தினர்கள், முடிவில் ஒரு பாட்டு. வாரம் ஐந்து இரவு, ஆண்டு முழுக்க. கார்சன் 1962 முதல் 1992 வரை முப்பது ஆண்டுகள் அதை ஒரு சீமானின் விருந்துபோல நடத்தினார். லெட்டர்மேன் அதே சட்டகத்துக்குள் உட்கார்ந்துகொண்டு அதையே கேலி செய்தார். கொக்கிப் பட்டையால் தைத்த உடையை மாட்டிக்கொண்டு சுவரில் தாவி ஒட்டிக்கொண்டார். மாடி உச்சியிலிருந்து தர்ப்பூசணியைத் தள்ளிவிட்டு அது சிதறுவதை மெதுவோட்டத்தில் காட்டினார். நாய் பூனைகளின் அசட்டு வித்தைகளை மேடையேற்றினார். 1985 செப்டம்பரில் தொடங்கிய அவருடைய ‘டாப் டென்’ பட்டியல், பத்திரிகைகள் போடும் தரவரிசைகளைப் பகடி செய்யப் பிறந்தது. நாளடைவில் பத்திரிகைகள் அந்தப் பகடியைப் பார்த்துப் பட்டியல் போடத் தொடங்கின. தொலைக்காட்சி தன்னைப் பற்றி அடித்துக்கொள்ளும் தம்பட்டத்தைப் பார்த்து அதற்குள்ளேயே இருந்து சிரித்தவர் என்று அவரைச் சொல்லலாம். சம்பளம் கொடுத்த நிறுவனத்தின் முதலாளிகளையும் விட்டுவைக்கவில்லை. அதற்கான விலையையும் கொடுத்தார்.

நாங்கள் பிராட்வே வழியாக வடக்கே நடந்தோம். டைம்ஸ் சதுக்கத்தின் விளம்பர வெளிச்சம் பின்தங்கி, 53-ஆம் தெரு நெருங்கும்போதே கூட்டம் தெரிந்தது. எட் சல்லிவன் அரங்கு 1927-இல் ஹாமர்ஸ்டீன் குடும்பம் கட்டியது. 1964 பிப்ரவரி 9 அன்று பீட்டில்ஸ் முதன்முதலாக அமெரிக்கத் தொலைக்காட்சியில் நேரடியாகப் பாடியது இந்த மேடையில்தான். லெட்டர்மேனுக்காகவே சிபிஎஸ் 1993-இல் அரங்கை வாங்கிச் செப்பனிட்டது. ஏறத்தாழ 400 பேர்தான் உட்காரலாம். வெளியே அன்று நின்ற கூட்டம் அதைப்போலப் பல மடங்கு. காவலர்கள் தடுப்பு போட்டிருந்தார்கள். கறுப்புக் கண்ணாடி வண்டி ஒன்று திரும்பினால் போதும், நூறு கைப்பேசிகள் மேலெழும்பும்.

கூட்டத்தின் வயதுதான் முதலில் கண்ணில் பட்டது. நரைத்த தலைகள். ஐம்பதைத் தாண்டியவர்கள் கல்லூரிக் காலத்து டி-ஷர்ட்டைத் தொப்பைக்கு மேல் இழுத்து மாட்டிக்கொண்டு நின்றார்கள். எங்களுக்கு அடுத்து நின்றவர் குவீன்ஸ் பகுதியில் தீவிர சிகிச்சைப் பிரிவுச் செவிலி. இருபது ஆண்டுகளுக்கு மேலாக இரவுப் பணி. வார்டில் ஒவ்வொரு படுக்கைக்கும் மேலே ஒரு தொலைக்காட்சி உண்டாம். பதினொன்றரைக்குப் பிறகு நடைபாதையில் போனால் ஒரு அறையில் கேட்ட வாக்கியத்தின் மீதி அடுத்த அறையில் கேட்குமாம். தூக்கம் வராத நோயாளி யாரென்று அந்தக் குரலை வைத்தே கண்டுபிடித்துவிடுவாராம். லெட்டர்மேன் வேடிக்கையானவரா என்று கேட்டேன். யோசித்துவிட்டு, சில நாள் மிக மோசமாக இருக்கும், ஆனால் மோசம் என்பதை அவரே ஒத்துக்கொள்வார் என்றார்.

பென்சில்வேனியாவிலிருந்து வந்த ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர் ஒருவர் சட்டையின் மேல்பொத்தான்களைக் கழற்றி நெஞ்சுத் தழும்பைக் காட்டினார். 2000 ஜனவரியில் லெட்டர்மேனுக்கு இதயத்தில் ஐந்து மாற்றுவழி அறுவை நடந்தது. பிப்ரவரி 21 அன்று திரும்பி வந்தபோது தனக்கு மருத்துவம் பார்த்த மருத்துவர்களையும் செவிலியரையும் மேடைக்கு அழைத்து ஒவ்வொருவராக அறிமுகப்படுத்தினார். குரல் உடைந்தது. உணர்ச்சியைக் காட்டுவதையே கேவலமாக நினைத்த ஆள் அன்றைக்கு அழுதார். ஓட்டுநருக்கு அதே அறுவைக்கு நாள் குறித்திருந்த சமயம் அது. வேண்டாம் என்று மறுத்துக்கொண்டிருந்தவர் மறுநாள் காலை மருத்துவமனைக்குத் தொலைபேசியில் சம்மதம் சொன்னாராம்.

2001 செப்டம்பர் 17-ஐச் சொல்லாத ஆள் அந்த வரிசையில் இல்லை. இரட்டைக் கோபுரம் விழுந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. சிரிப்பு நிகழ்ச்சியை மறுபடி தொடங்கலாமா என்று யாருக்கும் தெரியாத நேரம். பின்னிரவுக்காரர்களில் முதலில் திரும்பியவர் லெட்டர்மேன். வழக்கமான நகைச்சுவை இல்லை. மேசையில் உட்கார்ந்து, தடுமாறி, தனக்குப் புரியாததைப் புரியவில்லை என்றே சொன்னார். தீயணைப்பு வீரர்களுக்கு நன்றி சொன்னார். மொன்டானாவில் சோட்டோ என்ற சிற்றூரில், விளைச்சல் பொய்த்துத் தாங்களே நொடிந்திருந்த விவசாயிகள் நியூயார்க்குக்காகக் காசு திரட்டிய கதையைச் சொல்லி முடித்தார். விருந்தினராக வந்த மூத்த செய்தியாளர் டான் ராதர் பேச முடியாமல் அழுதார். நகரம் மறுபடி சிரிக்க அன்றைக்குத்தான் அனுமதி கிடைத்தது என்றார் கூட்டத்தில் ஒருவர். நான் அதைப் பிறகு யூடியூபில் பார்த்தேன். அவர் மிகைப்படுத்தவில்லை.

எல்லோரும் உருகிக்கொண்டிருக்கவில்லை. சற்றுத் தள்ளி நின்ற பள்ளி ஆசிரியை ஒருவர், தான் பாதி விசிறி என்றார். லெட்டர்மேனின் தொடக்கக் கால மேதைமையில் பெரும்பங்கு மெரில் மார்கோ என்ற பெண்ணுடையது. அசட்டு வித்தை நாய்கள் அவர் யோசனைதான். அவர் விலகிய பிறகு எழுத்தாளர் அறை பெரும்பாலும் ஆண்களாலேயே நிரம்பியது. 2009 அக்டோபரில், தன்னை ஒருவர் பணம் கேட்டு மிரட்டுவதாகவும், தன்னிடம் வேலை பார்த்த பெண்களோடு தனக்கு உறவிருந்தது உண்மை என்றும் லெட்டர்மேன் இதே மேடையில் சொன்னார். அரங்கில் கைதட்டல். “அந்தக் கைதட்டல் எனக்குப் பிடிக்கவில்லை. துணிச்சலாகச் சொன்னாராம். அந்தப் பெண்களின் நிலைமையை யார் கேட்டார்கள்?” என்றார் ஆசிரியை. லெட்டர்மேனிடம் முன்பு எழுத்தாளராக இருந்த நெல் ஸ்கோவல் அந்த மாதமே அந்த அலுவலகச் சூழலைப் பற்றி வெளிப்படையாக எழுதினார். பத்தாண்டு கழித்து 2019-இல் லெட்டர்மேன் அவரைச் சந்தித்து மன்னிப்புக் கேட்டது, நாங்கள் வாசலில் நின்றபோது இன்னும் நடந்திராத கதை. விசிறிகள் மன்னிப்பதில் அவசரப்பட்டார்கள் என்றுதான் எனக்கும் படுகிறது. அத்தானிடம் சொன்னேன். “அது தப்புதான் மாப்ளே” என்றவர் பேச்சை மாற்றிக்கொண்டு 53-ஆம் தெருவுக்குள் இழுத்துப் போனார்.

அங்கேதான் ஹலோ டெலி. நாலு பேர் நுழைந்தால் மூச்சு முட்டும் சாண்ட்விச் கடை. உரிமையாளர் ரூபர்ட் ஜீயை லெட்டர்மேன் காதுக்குள் ஒலிவாங்கி வைத்துத் தெருவில் இறக்கி, போவோர் வருவோரை வம்புக்கு இழுக்க வைப்பார். பரம சாதுவான மனிதர், சொன்னதைச் செய்ய முடியாமல் நெளிவதுதான் வேடிக்கை. அன்று கடைக்குள் கால் வைக்க இடமில்லை.

அத்தான் தேடியது வேறொரு கடையை. அது அப்போது அங்கே இல்லை. 1993-இல் அரங்குக்கு வந்த புதிதில் அக்கம்பக்கத்துக் கடைகளுக்குள் கேமராவோடு நுழைந்த லெட்டர்மேன், நினைவுப்பொருள் கடை ஒன்றில் வங்கதேசத்திலிருந்து குடியேறிய இருவரைக் கண்டுபிடித்தார். முஜிபுர் ரஹ்மான், சிராஜுல் இஸ்லாம். எதைக் கேட்டாலும் கூச்சத்தோடு ஒரு வாக்கியம், பிறகு ஒரு சிரிப்பு. அவ்வளவுதான். சில மாதங்களில் நாடு முழுக்கத் தெரிந்த முகங்கள் ஆனார்கள். அவர்களை அமெரிக்கா முழுக்கச் சுற்றுப்பயணம் அனுப்பி அதையும் ஒளிபரப்பினார்.

அந்த ஆண்டுகளில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தெற்காசிய முகம் என்றால் ‘சிம்ப்சன்ஸ்’ கார்ட்டூனில் வரும் மளிகைக்கடை அப்பு. அவருக்குக் குரல் கொடுத்தவரும் இந்தியர் அல்ல. அந்த வறட்சியில் முஜிபுரையும் சிராஜுலையும் பார்த்த அத்தானுக்குச் சொந்தக்காரர்களைப் பார்த்த மகிழ்ச்சி. அலுவலகத்தில் சகாக்கள் அவரையே ‘முஜிபுர்’ என்று கூப்பிடத் தொடங்கியபோதுதான் வயிற்றில் ஏதோ பிசைந்ததாம். லெட்டர்மேன் அவர்களோடு சேர்ந்து சிரித்தாரா, அவர்களைப் பார்த்துச் சிரிக்க வைத்தாரா? இரண்டும் என்பது என் கணிப்பு. மெல்மன், ரூபர்ட், இந்த இருவர் என எல்லோரையும் ஒரே மாதிரிதான் நடத்தினார். நட்சத்திரங்களைக் கிள்ளுவார், சாதாரண மனிதர்களைத் திரையில் சும்மா இருக்கவிடுவார். ஆனால் வெள்ளைக்காரரான மெல்மனைப் பார்த்துச் சிரித்தவன் மறுநாள் பக்கத்து மேசைக்காரனை ‘மெல்மன்’ என்று கூப்பிடவில்லை. அந்த வேறுபாடு லெட்டர்மேனுக்குத் தெரிந்திருக்குமா என்பது ஐயமே.

ஒளிப்பதிவு மாலையில் முடிந்துவிடும், ஒளிபரப்பு இரவில். நாங்கள் நியூஜெர்சிக்குத் திரும்பினோம். அக்கா தோசை வார்த்து வைத்திருந்தாள். தூங்கப் போகிறேன் என்று சொன்னவளும் வந்து உட்கார்ந்தாள்.

பழைய அதிபர் ஜெரால்டு ஃபோர்டு, நிக்சன் பதவி விலகியபோது நாட்டின் நீண்ட கெட்ட கனவு தீர்ந்தது என்று பேசிய பழைய காட்சியோடு நிகழ்ச்சி தொடங்கியது. அதே வாக்கியத்தைத் தந்தை புஷ், கிளிண்டன், மகன் புஷ் ஒவ்வொருவராகச் சொல்ல, கடைசியில் ஒபாமா லெட்டர்மேன் ஓய்வு பெறுகிறார் என்று முடித்துவைத்தார். திரைக்குப் பின்னாலிருந்து வந்தவர் சொன்ன முதல் நகைச்சுவை, கார்சன் நடத்திய ‘டுநைட் ஷோ’ வேலை தனக்குக் கிடைக்காது போலிருக்கிறது என்பது. அத்தான் எழுந்து நின்று சிரித்தார். அக்காவுக்கு விளக்க வேண்டியிருந்தது. 1992 மே 22 அன்று கார்சன் ஓய்வு பெற்றபோது அந்த நாற்காலி லெட்டர்மேனுக்கு என்றுதான் பலரும் நினைத்தார்கள். என்பிசி அதை ஜே லெனோவுக்குக் கொடுத்தது. இருவரும் ஒரு காலத்தில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகைச்சுவை மன்றங்களில் ஒன்றாகத் திரிந்த நண்பர்கள். அந்தக் காயத்தோடுதான் லெட்டர்மேன் சிபிஎஸ்ஸுக்குப் போனார். முதலில் வென்றார். 1995 கோடைக்குப் பிறகு பார்வையாளர் எண்ணிக்கையில் லெனோ முந்தி, பெரும்பாலும் முந்தியபடியே இருந்தார். கார்சனின் மனமோ லெட்டர்மேன் பக்கம். ஓய்வுக்குப் பிறகும் வீட்டில் உட்கார்ந்து நகைச்சுவை எழுதி இவருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். கார்சன் 2005 ஜனவரியில் இறந்தபோது, அவர் எழுதி அனுப்பியவற்றை மட்டுமே வைத்து ஒருநாள் தொடக்க உரையை நிகழ்த்திவிட்டு, அதன் பிறகுதான் உண்மையைச் சொன்னார் லெட்டர்மேன். அஞ்சலி என்றால் இதுதான்.

கடைசி டாப் டென் பட்டியலைப் படிக்க ஸ்டீவ் மார்ட்டின், டீனா ஃபே, ஜெர்ரி சைன்ஃபெல்டு, பில் மர்ரி முதலிய பத்துப் பேர் வந்தார்கள். 1982-இல் முதல் விருந்தினரும் பில் மர்ரிதான். 1993-இல் புது அரங்கில் முதல் விருந்தினரும் அவர்தான். 6,028 நிகழ்ச்சியையும் ஸ்டீபன் ஹாக்கிங் கணக்குப் பார்த்ததில் மொத்தம் எட்டு நிமிடச் சிரிப்புதான் தேறியது என்றார் லெட்டர்மேன். பிறகு எழுத்தாளர்கள், ஒளிப்பதிவாளர்கள், 33 ஆண்டும் கூடவே இருந்த இசைக்குழுத் தலைவர் பால் ஷாஃபர், பார்வையாளர் வரிசையில் இருந்த மனைவி, மகன் என ஒவ்வொருவருக்கும் நன்றி. அறுவைக்குப் பின் அவர் திரும்பிய நாளில் பாடிய ஃபூ ஃபைட்டர்ஸ் குழுவே கடைசியிலும் பாடியது. பாட்டின் மேலே 33 ஆண்டுகளின் காட்சித் துண்டுகள் கண்மூடித் திறப்பதற்குள் ஓடி மறைந்தன. அத்தான் மூக்கை உறிஞ்சினார். “இப்பக்கூட அந்தாளு அழலையே” என்றாள் அக்கா. அவள் குரலும் சரியாக இல்லை.

அன்று பார்த்தவர்கள் 1 கோடியே 37 லட்சம் பேர். கார்சனின் கடைசி இரவைப் பார்த்தவர்கள் ஏறத்தாழ 5 கோடி. இடைப்பட்ட காலத்தில் மக்கள்தொகை குறையவில்லை. ஒரே நேரத்தில் ஒரே ஆளைப் பார்ப்பது குறைந்துவிட்டது. வாசலில் சந்தித்த இருபது வயதுப் பையன், தான் ஒரு முழு நிகழ்ச்சிகூடப் பார்த்ததில்லை, எல்லாமே துண்டுகளாகக் கைப்பேசியில், அதுவும் பகலில் என்று சொன்னான். அவனும் நல்ல விசிறிதான். ஆனால் செவிலி சொன்ன நடைபாதை அவனுக்குத் தெரியாது.

மறுநாள் காலை மறுபடி மன்ஹாட்டன் போனோம். செய்தி பரவியிருந்தது. அடுத்து வரப்போகும் ஸ்டீபன் கோல்பேருக்காக அரங்கைக் காலிசெய்யத் தொடங்கிவிட்டார்கள். மேடையின் பின்னணியாக இருந்த குட்டி நியூயார்க்கைப் பெயர்த்துத் தெருவில் நின்ற பெரிய இரும்புக் குப்பைத்தொட்டிகளில் போட்டுக்கொண்டிருந்தார்கள். விளக்கு வைத்த பொம்மைக் கட்டடங்கள், பாலத்துண்டுகள், பலகைகள். 22 ஆண்டுகளாகத் திரையில் மின்னிய நகரம் பக்கத்தில் பார்த்தால் நுரையும் அட்டையும் பெயின்ட்டும். விசிறிகள் தொட்டிக்குள் ஏறி இறங்கினார்கள். கோட்டு போட்ட வங்கி ஊழியர் ஒருவர் கக்கத்தில் ஒரு கட்டடத்தை இடுக்கிக்கொண்டு சுரங்க ரயிலுக்கு ஓடினார். ஒரு பெண்மணி பாலத்தின் ஒரு கால் கிடைத்ததென்று கணவருக்கு வீடியோவில் காட்டினார். வேலையாட்கள் முதலில் அதட்டினார்கள், பிறகு அவர்களே நல்ல துண்டுகளைத் தனியே எடுத்து நீட்டினார்கள்.

எனக்கு அந்தக் காட்சி பிடித்திருந்தது. அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் வைத்திருந்தால் லெட்டர்மேனே நக்கலடித்திருப்பார். மாடியிலிருந்து பொருள்களைப் போட்டு உடைத்தவரின் மேடை குப்பைத்தொட்டியில் முடிவது சரிதான். அத்தானுக்கு உள்ளங்கையகல நீலப் பலகை ஒன்று கிடைத்தது. எதன் பகுதியென்று இன்றுவரை தெரியாது.

வெள்ளிக்கிழமை காரில் இண்டியானா கிளம்பினோம். அத்தானின் பர்டூ சகா இண்டியானாபொலிஸில் இருக்கிறார். ஏற்கெனவே போட்ட திட்டம். நினைவு நாள் வார விடுமுறை நெரிசலில் பென்சில்வேனியா மலைகளைக் கடப்பதற்குள் பொழுது சாய்ந்தது. ஒஹையோவைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, சாலை நேராகப் போகிறது.

மன்சி நகரம் இண்டியானாபொலிஸுக்கு வடகிழக்கே, காரில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். ஊறுகாய், பழக்கூழ் அடைத்து வைக்கும் கண்ணாடிச் சாடி செய்து பணக்காரர்களான பால் சகோதரர்களின் ஊர். அவர்கள் பெயரைக் கொண்ட பால் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் 1969-இல் பட்டம் பெற்றவர் லெட்டர்மேன். படிப்பில் நடுத்தரம். பல்கலைக்கழக வானொலியில் செவ்வியல் இசை நிகழ்ச்சிக்கு அறிவிப்பாளராக இருந்தபோது, தெபுஸ்ஸியின் ‘கிளேர் த லூன்’ இசைத்துண்டை அறிமுகப்படுத்த வேண்டியவர், லூன் குடும்பத்துச் சகோதரிகளைப் பற்றி இல்லாத கதை அளந்து வேலையை இழந்தார். 2007-இல் அதே பல்கலைக்கழகம் செய்தித்தொடர்புத் துறைக் கட்டடத்துக்கு அவர் பெயரை வைத்தது. அதைத் தன்னைப் போன்ற ‘சி’ கிரேடு மாணவர்களுக்குச் சமர்ப்பணம் செய்யும் பலகை அங்கே இருக்கிறது. கோடை விடுமுறை, வளாகத்தில் ஆளில்லை. துப்புரவுப் பணியிலிருந்த ஒரு மூதாட்டி எங்களைப் பார்த்ததும் “டேவைப் பார்க்க வந்தவர்களா?” என்று கேட்டார். அந்த வாரம் முழுக்க எங்கெங்கிருந்தோ வருகிறார்களாம். வந்து பலகையோடு படம் எடுத்துக்கொண்டு, பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் படியில் உட்கார்ந்திருப்பார்களாம். நாங்களும் அதைத்தான் செய்தோம்.

இண்டியானாபொலிஸில் பேச்சின் சுரமே வேறு. நியூயார்க்கில் அவர் ஒரு மேதை. இங்கே பூக்கடை ஹாரியின் பிள்ளை, மளிகைக்கடையில் அலமாரி அடுக்கியவர், உள்ளூர் 13-ஆம் சேனலில் வானிலை வாசித்தவர். நண்பரின் பக்கத்து வீட்டு அம்மாளுக்கு எண்பதைத் தாண்டிய வயது. அந்த வானிலை அறிக்கைகள் நினைவிருக்கின்றன என்றார். ஆலங்கட்டியின் பருமனைச் சொல்ல டின்னில் அடைத்த பன்றியிறைச்சியை உவமை சொல்வான், புயல் சூறாவளியாகத் தரம் உயர்ந்தால் அதற்கு வாழ்த்துச் சொல்வான், விதைப்புக்குக் காத்திருந்த குடியானவர்களுக்கு எரிச்சலாக வரும் என்றார். மகனைவிட அவருக்குப் பிடித்தது தாயார் டோரதியைத்தான். நன்றித் திருநாள்தோறும் அந்தத் தாயார் தன் வீட்டுச் சமையலறையிலிருந்து திரையில் தோன்றுவார். இன்றைக்கு என்ன பை சுட்டிருக்கிறேன் சொல் என்று கேட்பார். மகன் ஊகிக்க வேண்டும். 1994 குளிர்கால ஒலிம்பிக்குக்கு நார்வே போய்ச் செய்தியாளராகக்கூட வேலை பார்த்தார். “அவன் அம்மாவிடம் பேசும்போது மட்டும்தான் நக்கல் இருக்காது. அதைப் பார்த்துத்தான் நான் அவனை நம்பினேன்” என்றார் அந்த அம்மாள். அக்காவிடம் இதைத் தொலைபேசியில் சொன்னேன். முதலிலேயே இதைச் சொல்லியிருந்தால் அந்தாளைப் பிடித்திருக்குமே என்றாள்.

மே 24 ஞாயிறு, புகழ்பெற்ற 500 மைல் கார்ப் பந்தயம். லெட்டர்மேன் பங்குதாரராக இருக்கும் அணியின் கார் 2004-இல் அதை வென்றிருக்கிறது. இந்த முறை கிரஹாம் ரஹால் அந்த அணிக்காக ஓட்டினார். நேரில் வந்து பார்க்கட்டும் என்று உள்ளூரில் மட்டும் நேரடி ஒளிபரப்பை நிறுத்திவைக்கும் வழக்கம் அப்போது இருந்ததால், நண்பர் வீட்டுத் தோட்டத்தில் வானொலிதான். ரஹால் ஐந்தாவதாக வந்தார். அங்கே கூடியிருந்தவர்களுக்குக் கார்தான் முக்கியம். ஓய்வு பெற்றவரைப் பற்றி ஒருவர் சொன்னது ஒரே வாக்கியம்: அவன் இனி நேரத்தோடு தூங்கலாம்.

பிறகு நடந்தவை பலருக்கும் தெரிந்திருக்கும். 2015 செப்டம்பர் 8 அன்று கோல்பேர் அதே அரங்கில் தொடங்கினார். லெட்டர்மேன் முனிவர் தாடியோடு 2018 ஜனவரியில் நெட்ஃபிளிக்ஸ் நேர்காணல்களுக்கு வந்தார். அவை நல்ல உரையாடல்கள். எந்நேரமும் பார்க்கலாம் என்பதால் அத்தான் இன்னும் பாதி பார்க்கவில்லை. 2025 ஜூலையில் சிபிஎஸ், லெட்டர்மேன் 1993-இல் தொடங்கிய அந்த ‘லேட் ஷோ’வை 2026 மே மாதத்தோடு அடியோடு மூடுவதாகவும் வேறு யாரையும் அமர்த்தப்போவதில்லை என்றும் அறிவித்தது. காரணம் பணம் மட்டுமே என்றது நிறுவனம். அரசியலும் உண்டு என்று பலர் சொன்னார்கள், லெட்டர்மேனும் சும்மா இருக்கவில்லை. தான் அந்த மேசையிலிருந்து சிபிஎஸ்ஸைக் கிண்டலடித்த பழைய காட்சிகளைத் தொகுத்து யூடியூபில் ஏற்றிவிட்டார். பிராட்வே வாசலில் நாங்கள் ஒரு மனிதரின் ஓய்வுக்கென்று நின்றோம். ஓய்வு பெற்றது அந்த நேரம்தான் என்று இப்போது தெரிகிறது. லெட்டர்மேனுக்குப் பின் வந்தவர்கள் கெட்டிக்காரர்கள், அவரைவிட இனிமையானவர்கள். அவரோடு சேர்ந்து விழித்திருந்ததுபோல அவர்களோடு யாரும் விழித்திருக்கவில்லை.

லெட்டர்மேனைப் பார்த்தே இராதவர்கள் கடைசி நிகழ்ச்சியிலிருந்து தொடங்க வேண்டாம். 2002 அக்டோபர் 30 நிகழ்ச்சியைத் தேடுங்கள். புற்றுநோய் முற்றிச் சாவு நிச்சயம் என்று தெரிந்துவிட்ட பாடகர் வாரன் ஸீவன் ஒருவர்தான் அன்றைய விருந்தினர், முழு ஒரு மணி நேரமும். இரண்டு பேரும் சாவைப் பற்றிச் சிரித்துக்கொண்டே பேசுகிறார்கள். பகலில் பார்க்காதீர்கள்.